இளநீரும் உருளைக்கிழங்கும்

கொச்சி மாநகரின் தென்மேற்கே, உப்பங்கழிக்கும் அரபிக்கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பகுதியில் அமைந்தது பள்ளுருத்தி. அங்கும், அதற்கு வடக்கே உள்ள மட்டாஞ்சேரியிலும் தொழிலின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் அடுக்களையில் உருளைக்கிழங்கு இல்லாத வாரத்தைக் காண்பது அரிது. பொரியலாயினும், பொடிமாஸாயினும், மசால் தோசையின் உள்ளீடாயினும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆயினும், அக்கிழங்கைத் தரும் செடி எப்படி இருக்கும், அதன் பூவின் நிறம் யாது என்று வினவினால் நம்மில் பலர் விடை அறியோம். அதில் வியப்பும் இல்லை. கடற்கரையின் வெம்மையில் அச்செடி தழைத்து வளரக்கூடும். ஆனால் கிழங்கு வைப்பதற்கு இரவில் ஏறத்தாழ 20 பாகைக்கு உட்பட்ட குளிர்ச்சி வேண்டும். ஆதலின் கொச்சியில் விற்கும் கிழங்கு நீலகிரியின் சரிவுகளிலிருந்தும், கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும், இன்னும் தொலைவிலுள்ள வடநாட்டு வயல்களிலிருந்தும் வருகிறது. அவற்றுள் பெரும்பகுதி மேட்டுப்பாளையத்துக் கிழங்கு மண்டிகளின் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வந்து சேர்கிறது.

கிழங்கு வரும் வழி இது. அக்கிழங்குக்கு விதை வரும் வழி யாது? இக்கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய துணுக்கு ஒன்றிலிருந்து முழு உருளைக்கிழங்குச் செடியை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் தோற்றுவிக்கும் கலை ஒன்று உண்டு. அதனைத் திசு வளர்ப்பு என்று தமிழ்நாட்டிலும், இழைய வளர்ப்பு என்று இலங்கையிலும் வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர்க்கு இரண்டாவது சொல்லின்மீது சற்று விருப்பம் மிகுதி. எனினும் பள்ளிப் பாடநூல்களிலும் வேளாண் துறை வெளியீடுகளிலும் வேரூன்றிவிட்ட முதற்சொல்லையே இங்கு ஆளுவோம். அக்கலையின் வரலாற்றில் நம் தென்னைக்கும் ஒரு பங்கு உண்டென்பது கேரளத்தில் வாழும் நேயர்களுக்குச் சிறப்பாக மகிழ்ச்சி தரக்கூடியது.

முதலில் கிழங்கின் பிறப்பைப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், தித்திக்காக்கா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலங்களில் வாழ்ந்த மக்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக் கிழங்கைப் பண்படுத்திப் பயிராக்கினர். அவர்கள் அதனைப் 'பாப்பா' என்று அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபோது கிழங்கும் கப்பலேறியது. 1567ஆம் ஆண்டிலேயே கானரித் தீவுகளிலிருந்து ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றுக்கு அது ஏற்றுமதியான பதிவு உண்டு. கரீபியத் தீவுகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு வழங்கிய 'பட்டாட்டா' என்னும் பெயர், இதன்மேலும் ஏறிக்கொண்டது. அப்பெயரைப் போர்ச்சுகீசியர் மேலைக் கடற்கரைக்குக் கொணர்ந்தனர். மட்டாஞ்சேரியில் வாழும் கொங்கணியரும் குஜராத்தியரும் இன்றும் அச்சொல்லின் திரிபையே வழங்குவது நாம் நாள்தோறும் கேட்பதுதானே? தமிழனும் மலையாளியுமோ அயற்சொல்லை நாடாமல், உருண்ட வடிவைக் கண்டு உருளைக்கிழங்கு என்றே பெயரிட்டுக் கொண்டனர்.

பெயர் முன்னே வந்தது. பயிர் பரவப் பல காலம் ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டுப் பயணிகளின் குறிப்புகளில் காணப்படும் கிழங்கு உருளையா, சர்க்கரைவள்ளியா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. தமிழகத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் தம் இல்லத்தை அமைத்து, ஐரோப்பியக் காய்கறிகளோடு உருளைக்கிழங்கையும் பயிரிடச் செய்தார். அன்று தொடங்கிய சாகுபடியைப் படகர் முதலிய மலைவாழ் உழவர்கள் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

இனி, இப்பயிருக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைக் கூற வேண்டும். நெல்லையும் கம்பையும் போல் உருளைக்கிழங்கை மணி விதைத்து வளர்ப்பதில்லை. பூவும் காயும் அதற்கு உண்டு. காயினுள் விதையும் உண்டு. ஆனால் அவ்விதையை ஊன்றினால் முளைப்பவை ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆதலின் உழவன் முளைக்கண்ணோடு கூடிய கிழங்கையே மண்ணில் இடுகிறான். தாயின் உடற்பகுதியே மகவாகிறது. இம்முறையில் நன்மை ஒன்று, தீமை ஒன்று. தாயின் குணம் அப்படியே வருவது நன்மை. தாயின் நோயும் அப்படியே வருவது தீமை. மணி விதையில் பெரும்பாலான வைரஸ்கள் ஏறுவதில்லை. கிழங்கிலோ, ஆண்டுதோறும் அவை தங்கித் தொடர்கின்றன. ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெருகவும் செய்கின்றன.

இதன் விளைவை ஐரோப்பிய உழவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டனர். புதிய வகை ஒன்று சில ஆண்டுகள் செழிப்பாக விளையும். பின்னர் இலை சுருளும், செடி குறுகும், கிழங்கு சிறுக்கும். மனிதருக்கு மூப்பு வருவதுபோல் பயிர் வகைக்கும் மூப்பு வருகிறது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் பணியாற்றிய குவான்யர். 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், இலைச்சுருள் என்பது மூப்பன்று, ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் நோயே என்று அவர் ஒட்டுக்கட்டிக் காட்டினார். 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையைத் தம் கையில் வைத்திருந்தவர்களின் நாடு அது. பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சாலமன், கெனத் ஸ்மித் ஆகியோர் அந்நோய்களுக்குக் காரணமான வைரஸ்களைப் பிரித்தறிந்தனர். அசுவினி என்று நாம் கூறும் சிறு பூச்சி, சாற்றை உறிஞ்சும்போதே அவற்றுள் பலவற்றைச் செடிக்குச் செடி பரப்புகிறது என்பதும் தெளிவாயிற்று.

ஒரே வகைக் கிழங்கை நாடெங்கும் நடுவதால் விளையும் கேட்டுக்கு அயர்லாந்தின் வரலாறே சான்று. அந்நாட்டு ஏழை மக்கள் 'லம்பர்' என்னும் ஒரே வகையைப் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். 1845இல் பின்பருவ இலைக்கருகல் நோய் வந்தது. ஒரு செடியைக் கொல்லக்கூடிய நோய் அனைத்துச் செடிகளையும் கொல்லக்கூடியதாயிருந்தது. ஏனெனில் அனைத்தும் ஒரே செடியின் படிகள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்து அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். நோய் மட்டும் அன்று, ஆட்சியின் பாராமுகமும் அப்பஞ்சத்துக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். எனினும், படியெடுத்துப் பெருக்கும் கலையைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது. இதனைப் பின்னும் நினைவுகூர்வோம்.

நம் நாட்டிற்கு வருவோம். 1949இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாட்னாவில் நிறுவப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எஸ். ராமானுஜம். 1956இல் அதன் தலைமையகம் சிம்லாவுக்கு மாறியது. அதற்கு அண்மையிலுள்ள குஃப்ரி என்னும் ஊரின் பெயரையே இந்நிலையம் வெளியிடும் வகைகள் தாங்கி வருகின்றன. 1968இல் வெளிவந்த 'குஃப்ரி ஜோதி' நீலகிரி உழவர்க்கும் நன்கு அறிமுகமானது.

அந்நாளில் நல்ல விதைக்கிழங்கு மலைகளில்தான் கிடைக்கும் என்பது கொள்கையாக இருந்தது. குளிர்ந்த மலைகளில் அசுவினி குறைவு என்பதே அதன் காரணம். புஷ்கர்நாத் என்னும் அறிஞர் மற்றொரு வழியைக் கண்டார். கங்கைச் சமவெளியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அசுவினி மிகக் குறைவு. அப்பருவத்திற்குள் பயிரை வளர்த்து, பூச்சி பெருகத் தொடங்கும் முன்பே தழையை அறுத்துவிட்டால், வைரஸ் கிழங்கில் இறங்குவதற்கு நேரமில்லாமல் போகும். இம்முறை 1950களின் இறுதியில் உருவாகி, வட இந்தியாவில் உருளைக்கிழங்குச் சாகுபடி பெருகப் பேருதவி புரிந்தது.

ஆயினும் இது நலமான கிழங்கை நலமாகவே வைத்துக்கொள்ளும் வழியாயிற்றே அன்றி, நோயுற்றதை நலமாக்கும் வழி ஆகவில்லை. மேலும் ஒரு கிழங்கு ஒரு பருவத்தில் ஐந்தாறு கிழங்குகளாகவே பெருகும். ஓர் ஹெக்டேருக்கு 2 முதல் 3 டன் வரை விதைக்கிழங்கு வேண்டும். ஆகவே நோயற்ற ஒரு சிறு குவியலை நாடு முழுதுக்கும் போதுமான விதையாகப் பெருக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் வயலில் நோய் காத்திருக்கும். உழவனின் செலவில் பெரும்பங்கு விதைக்கே போவதன் காரணமும் இதுவே. வைரஸ் ஏறிய செடியிலிருந்து வைரஸ் அற்ற செடியைப் பெறுவது எப்படி? பெற்றதை விரைந்து பெருக்குவது எப்படி? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை வயலில் கிடைக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் கிடைத்தது.

அக்கதை 1902இல் தொடங்குகிறது. ஹாபர்லாண்ட் என்னும் தாவரவியல் அறிஞர், செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் முழுச் செடியாகும் ஆற்றல் அடங்கியிருக்க வேண்டும் என்று கருதினார். அவ்வாற்றலைத் தமிழில் முழு ஆக்குத்திறன் என்கிறோம். இலையிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து ஊட்டக் கரைசலில் இட்டுப் பார்த்தார். அவை பல நாள் உயிரோடிருந்தன. ஆனால் ஒன்றேனும் பிளவுபடவில்லை. கருத்துச் சரியே, ஆனால் உயிரணுவைத் தூண்டும் பொருள் அன்று யாருக்கும் தெரியாது. 1939இல் பிரான்சின் கோத்தரே, நோபேகூர் ஆகிய இருவரும், அமெரிக்காவின் வொயிட் என்பவரும், தனித்தனியே, செடியின் திசுவைச் செடிக்குப் புறம்பே முடிவின்றி வளர்க்கலாம் என்று மெய்ப்பித்தனர். ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளின் உதவி பிரெஞ்சு அறிஞர்க்குக் கைகொடுத்தது.

இங்கேதான் தென்னை வருகிறது. 1941இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவர்தம் துணைவரும் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்க முயன்றனர். தாய்ச்செடியில் கருவுக்கு உணவூட்டும் நீர்மம் எதுவோ அதுவே கண்ணாடிக் குழாயிலும் அதனை வளர்க்கும் என்று எண்ணினர். உலகில் அத்தகைய நீர்மம் பேரளவில் கிடைப்பது தேங்காயினுள் அன்றோ? தேங்காய் நீரை ஊட்டத்தில் சேர்த்தபோது கரு வளர்ந்தது. பின்னர் அமெரிக்காவில் ஸ்டூவர்டும் காப்லினும் கேரட்டின் திசுவுக்கு அதனை அளித்தனர். திசு மளமளவென்று பெருகியது. அடுத்து உருளைக்கிழங்கின் துண்டை எடுத்தனர். அது எளிதில் இணங்கவில்லை. தேங்காய் நீர் மட்டும் அளித்தாலும் பயனில்லை. களைக்கொல்லியாகப் பயன்படும் 2,4-டி என்னும் இரசாயனத்தைச் சிறிதளவு உடன் சேர்த்தபோதுதான் கிழங்கின் திசு விழித்துக்கொண்டது. தனித்தனியே செய்யாததை இரண்டும் கூடிச் செய்தன. அந்த ஆய்வை அவர்கள் 1951இல் வெளியிட்டனர். ஆண்டிஸ் மலைக் கிழங்கும் நம் கடற்கரை இளநீரும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த வரலாறு இதுவே.

தேங்காய் நீரில் அப்படி என்ன இருந்தது? அதற்கு விடை மெல்ல மெல்லக் கிடைத்தது. 1955இல் ஸ்கூகும் மில்லரும் ஏனையோரும் உயிரணுவைப் பிளவுபடத் தூண்டும் கைனெட்டின் என்னும் பொருளை மீனின் விந்துவிலிருந்து எடுத்த மரபுப்பொருளில் கண்டனர். அவ்வகைப் பொருள்களுக்குச் சைட்டோகைனின் என்று பெயராயிற்று. தேங்காய் நீரிலும் அவ்வினத்தைச் சேர்ந்த பொருள் உண்டென்று பின்னர் அறியப்பட்டது. 1957இல் ஸ்கூகும் மில்லரும் மேலும் ஓர் உண்மையைக் கூறினர். ஆக்சின் மிகுந்தால் வேர் தோன்றும். சைட்டோகைனின் மிகுந்தால் தண்டும் இலையும் தோன்றும். இரண்டும் ஒத்திருந்தால் வடிவமற்ற திசுத்திரளே பெருகும். சமையலில் உப்பும் புளியும் போல, அளவின் பொருத்தமே விளைவைத் தீர்மானிக்கிறது. 1962இல் முராஷிகியும் ஸ்கூகும் வகுத்த ஊட்டக் கலவை இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகிறது.

நோய் நீக்கும் வழியோ பிரான்சில் பிறந்தது. வைரஸ் ஏறிய செடியின் எல்லாப் பகுதிகளிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. தண்டின் நுனியை நெருங்க நெருங்கக் குறைகிறது என்று லிமாசே, கோர்னுயே ஆகிய இருவர் 1949இல் கண்டனர். அந்நுனியில், இடைவிடாது பிளவுபடும் உயிரணுக்களைக் கொண்ட சிறு மேடு ஒன்று உண்டு. அதனை ஆக்குத்திசு என்பர். அதை மட்டும் அறுத்தெடுத்து வளர்த்தால் என்ன? மொரேல், மார்த்தேன் என்னும் இருவர் 1952இல் டாலியாச் செடியில் அவ்வாறு செய்து வைரஸ் அற்ற செடியைப் பெற்றனர். 1955இல் உருளைக்கிழங்கிலும் வெற்றி கண்டனர். இங்கிலாந்தில் 'கிங் எட்வர்ட்' என்னும் புகழ்பெற்ற வகையின் ஒவ்வொரு செடியிலும் ஒரு வைரஸ் மறைந்திருந்தது. நோயற்ற செடி ஒன்றுகூட நாட்டில் இல்லை. கசானிஸ் என்பவர் 1957இல் அதன் ஆக்குத்திசுவை வளர்த்து, அவ்வகையை மீட்டுத் தந்தார். மூப்பென்று கருதி முன்னோர் கைவிட்ட நலிவு, உண்மையில் நீக்கக்கூடிய பிணியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இப்பணி இன்று நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். நோயுற்ற வகையின் செடியைச் சில வாரங்கள் 37 பாகை அளவு வெப்பத்தில் வைத்து வைரஸின் பெருக்கத்தைத் தளர்த்துகின்றனர். பின்னர், உருப்பெருக்கியின் கீழ் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள நுனித் திசுவை அறுத்தெடுக்கின்றனர். கடுகினும் மிகச் சிறியது அது. உப்புச்சத்துகளும் சர்க்கரையும் உயிர்ச்சத்துகளும் வளர்ச்சிப் பொருள்களும் சேர்ந்த ஊட்டத்தில் அதனை இடுகின்றனர். ஊட்டம் உறைவதற்குச் சேர்க்கும் அகர் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாக் கரையில் தமிழ்ப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளுள் அதற்குரியதும் ஒன்று. சர்க்கரை கலந்த அவ்வூட்டம் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கூட விருந்தாதலால், அழுத்த நீராவியில் 121 பாகையில் அதனைத் தூய்மை செய்த பிறகே பயன்படுத்துவர். சில மாதங்களில் துணுக்கு சிறு செடியாகிறது. உடனே அதனை நலமானதென்று கொள்வதில்லை. வைரஸ் உண்டா என்று நுண்ணிய சோதனைகள் செய்து, தேறியதை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கின்றனர்.

தேறிய செடியைப் பெருக்குவது எளிது. அதன் தண்டைக் கணுக்கணுவாக வெட்டிப் புதிய குழாய்களில் நட்டால், ஒவ்வொரு கணுவிலும் உள்ள மொட்டு மூன்று நான்கு வாரங்களில் ஒரு செடியாகும். மாதம் ஒருமுறை ஒன்று மூன்றாகப் பெருகுவதாகக் கணக்கிட்டால், ஒரு செடி ஓராண்டின் முடிவில் 5,31,441 ஆக வேண்டும். நடைமுறையில் இடமும் ஆளும் பொருளும் அத்தனைக்கு இடங்கொடா. எனினும் வயலின் ஐந்து மடங்குப் பெருக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் வேகம் விளங்கும். சர்க்கரையை மிகுத்து இருளில் வைத்தால் குழாயினுள்ளேயே பட்டாணி அளவில் நுண்கிழங்குகள் தோன்றும். அல்லது, சிறு செடிகளைப் பூச்சி புகாத வலைக்குடிலில் நட்டுக் குறுங்கிழங்குகள் பெறலாம். அண்மைக் காலத்தில், மண்ணே இல்லாமல் வேரைக் காற்றில் தொங்கவிட்டு ஊட்டநீரைப் பனிபோல் தெளித்து வளர்க்கும் முறையையும் சிம்லா நிலையத்தார் கைக்கொண்டுள்ளனர்.

இங்கு ஒரு வேறுபாட்டை நேயர்கள் கருத்தில் இருத்த வேண்டும். கணுவின் மொட்டை வளர்ப்பது, இருந்த மொட்டை விரியச் செய்வதே. இலை, தண்டு, கிழங்கு ஆகியவற்றின் வடிவிழந்த திசுத்திரளிலிருந்தோ, தனி உயிரணுவிலிருந்தோ புதிதாய்ச் செடியை எழுப்புவதுதான் மறு உருவாக்கம் என்னும் பெயருக்கு முழுதும் உரியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஷெப்பர்டும் அவர்தம் துணைவரும் 1970களின் இறுதியில் இதனைச் செய்து காட்டினர். 'ரஸ்ஸட் பர்பாங்க்' என்னும் வகையின் இலையிலிருந்து, சுவர் நீக்கிய உயிரணுக்களைப் பிரித்து, அவற்றிலிருந்து முழுச் செடிகளை எழுப்பினர். எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. ஒரே தாயின் உயிரணுக்களிலிருந்து வந்த அச்செடிகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றின் கிழங்கு வடிவம் மாறியிருந்தது; சில முன்னதாகவே முதிர்ந்தன; சில இலைக்கருகல் நோயை மிகுதியாகத் தாங்கின. திசுவின் குழப்பமான வளர்ச்சியிடையே மரபுப்பொருளில் மாற்றங்கள் நேர்ந்துவிடுகின்றன என்று அறிந்தனர். 1978இல் ஜெர்மனியில் மெல்கர்ஸ் என்பவர் உருளைக்கிழங்கின் உயிரணுவையும் தக்காளியின் உயிரணுவையும் ஒன்றாக்கி ஒரு செடி எழுப்பினார். மேலே தக்காளியும் கீழே கிழங்கும் காய்க்கும் என்று மக்கள் கனவு கண்டனர். இரண்டும் பயன்படும்படி விளையவில்லை.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவு. உழவனுக்கு விதை தருவதற்கு மொட்டின் வழியே தக்கது. அது தாயை ஒத்த மகவைத் தரும். புதுவகை தேடும் ஆராய்ச்சியாளனுக்கோ வேறுபாடே செல்வம். அவனுக்குத் திசுத்திரளின் வழி உதவும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இருவருக்கும் இழப்பே.

இத்துறையில் இந்தியரும் பின்தங்கியவர் அல்லர். 1964இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, மகரந்தத்திலிருந்தே செடி எழச் செய்து உலகின் கவனத்தை ஈர்த்தனர். வாணிப முறையில் திசு வளர்ப்பைத் தொடங்கிய முதல் இந்தியக் கூடமோ, நேயர்களே, நம் கொச்சியிலேயே அமைந்தது. ஏ. வி. தாமஸ் கம்பெனியார் 1987இல் ஏலக்காய்ச் செடிகளைப் பெருக்குவதற்காக அதனை நிறுவினர். கணக்கற்ற செடிகளை நோயோடு பெருக்கிவிடும் இடர் இக்கலையில் உண்டாதலால், 2006இல் மத்திய அரசாங்கம் திசு வளர்ப்புச் செடிகளுக்குச் சான்றளிக்கும் முறையை வகுத்தது.

நீலகிரிக்கு மீண்டும் திரும்புவோம். 1961இல் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய நிபுணர் உதகையில் விஜயநகரம் பண்ணையின் மண்ணில் தங்க நூற்புழுவைக் கண்டார். ஆண்டிஸ் மலையிலேயே தோன்றி, கிழங்கோடு உலகைச் சுற்றிய புழு அது. வேரைத் துளைத்து வாழும் பெண்புழு, இறந்தபின் தன் உடலையே முட்டைக்கூடாக்கிக் கொள்ளும். அக்கூட்டினுள் முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லவை. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், அது புதுநாடு புகுவதற்கு. ஆகவே 1971இல், நீலகிரியின் விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. விதைக்கிழங்கு விற்று வாழ்ந்த உழவர்க்கு அது பெரும் அடி. உதகைக்கு அருகில் முத்தொரையில் 1957 முதல் இயங்கிவரும் ஆராய்ச்சி நிலையத்தில், புழுவைத் தாங்கும் வகைகளைத் தேடினர். 1985இல் வெளிவந்த 'குஃப்ரி சுவர்ணா' அம்முயற்சியின் கனி. நூற்புழு தெற்கோடு நிற்கவில்லை. 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காஷ்மீர் ஆகிய மலைநாடுகளின் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசாங்கம் தடை விதித்தது. நல்ல விதையின் ஊற்று என்று நாம் நம்பிய மலைகளே ஐயத்துக்கு உரியனவாயின.

இந்நிலையில் குழாய்ச் செடியின் அருமை விளங்கும். அது மண்ணைக் கண்டதில்லை. ஆதலின் மண்ணின் புழுவைச் சுமப்பதில்லை. ஒரு சிறு பெட்டியில் நூறு குழாய்களை வைத்து எந்த மலையையும் எந்தக் கடலையும் கடக்கலாம். பெரு நாட்டின் லிமா நகரில் 1971இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், ஆயிரக்கணக்கான வகைகளைக் குழாய்களில் உயிரோடு பேணிவருகிறது; நாடுகள் தமக்குள் வகைகளைப் பரிமாறிக்கொள்வதும் பெரும்பாலும் இவ்வடிவிலேதான்.

எனினும் இக்கலைக்கு எல்லைகள் உண்டு. குழாய்ச் செடி நலமாகவே வரும். அதை நடும் மண் கெட்டிருந்தால் அது என் செய்யும்? வைரஸ் நீங்கிய செடிக்கு வைரஸை எதிர்க்கும் ஆற்றல் வந்துவிடுவதில்லை. அசுவினி கடித்தால் மீண்டும் நோயுறும். ஆகவே பயிர்ச் சுழற்சியும், பருவம் அறிந்து நடுதலும், ஆண்டுக்கு ஆண்டு விதை புதுக்குதலும் இன்றியமையாதனவே. இவற்றினும் பெரியது மற்றொன்று. ஒரு செடியிலிருந்து லட்சம் படிகளை எளிதில் எடுக்கும் வசதி, நாடெங்கும் ஒரே வகையை நடும் ஆசையை வளர்க்கும். அயர்லாந்தில் 1845இல் நேர்ந்தது, படியெடுக்கும் கருவிகள் இல்லாத காலத்திலேயே நேர்ந்தது. அவ்வபாயத்தை நம் கையால் வளர்க்கலாகாது. பல வகைகளைப் பேணுவதற்கு இக்கலையைப் பயன்படுத்துவதா, ஒன்றையே பெருக்கி மற்றவற்றை மறப்பதா என்பது ஆய்வுக்கூடம் முடிவு செய்யும் செய்தியன்று. விதைக் கொள்கை வகுப்போரும், உழவரும், கிழங்கை வாங்கும் நாமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குச் சென்று திரும்பும்போது ஓர் ஏலக்கன்றையோ, வாழைக்கன்றையோ, மலைக்கிழங்கையோ மண்ணோடு பொதிந்து கொண்டுவருவது நம்மிடையே வழக்கம். பிறந்த மண்ணின்மேல் கொண்ட பற்றினால் செய்வதே அது. ஆனால் பற்றோடு புழுவும் பூஞ்சையும் உடன் வரக்கூடும் என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது. தோட்டமிட விரும்புவோர் சான்று பெற்ற கன்றை, வாழும் ஊரிலேயே கேட்டு வாங்குக. சமையலுக்கு வாங்கும் கிழங்கில் மண் ஒட்டியிருந்தால், அம்மண்ணைத் தோட்டத்தில் கொட்டாது விடுக. சட்டமும் விஞ்ஞானமும் பல்லாண்டு முயன்று காக்கும் ஒன்றை, இத்துணைச் சிறு கவனத்தால் நாமும் காக்கலாம்.